பதில் சொன்னவர்: நோயாளி

“இப்ப எப்படி இருக்கு?”

என்னைப் பார்க்க வந்த அத்தனை பேரும் ஆப்பிளைக் கையில் கொடுத்துவிட்டு இதைத்தான் கேட்டார்கள். பதினோரு வருடம் இதே கேள்வியைக் கேட்டுத்தான் நான் சம்பளம் வாங்கினேன். பதில் எப்படி வரும் என்று எனக்கு அத்துப்படி. நானும் அதையேதான் சொன்னேன். “தேவலை. பெருமாள் இருக்கார்.”

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மருத்துவமனைகளில் கிடைக்கும் சேவை நல்லபடி இருக்கிறதா, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு ஜனங்கள் நிஜமாகவே நன்றாக இருக்கிறார்களா என்று ஆராய்ச்சி செய்யும் ஒரு குழு திருச்சியில் இருக்கிறது. அதில் நான் விவரம் சேகரிப்பவள். வீடு திரும்பி ஆறாவது வாரம் நோயாளிக்கு போன் செய்ய வேண்டும். நடப்பதில் சிரமம் உண்டா, குளிப்பது உடுத்துவது எப்படி, அன்றாட வேலை செய்கிறீர்களா, வலி எவ்வளவு, மனது எப்படி இருக்கிறது. கடைசியில், இன்றைக்கு உங்கள் உடல்நிலைக்கு நூற்றுக்கு எத்தனை கொடுப்பீர்கள். பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். நான் ஐந்தில் முடிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு!

தாளின் மேல் மூலையில் ஒரு கட்டம் உண்டு. ‘பதில் சொன்னவர்: 1. நோயாளி, 2. உடனிருப்பவர்.’ இரண்டு என்று போட்டால் அந்த அழைப்பு கணக்கில் சேராது. நோயாளியைப் பிடிக்கும்வரை இன்னும் மூன்று தடவை கூப்பிட வேண்டும். இதில் ஒரு சங்கடம். மருத்துவமனையில் சேர்க்கும்போது எழுதிக்கொள்ளும் போன் நம்பர் கூட வந்தவருடையது. பெண் நோயாளி என்றால் அது புருஷன் நம்பர், இல்லையேல் மகன் நம்பர். கூப்பிட்டால் அவர்கள்தான் எடுப்பார்கள். எடுத்தவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். அதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். “அவங்க பக்கத்துல இருக்காங்களா?” என்று கேட்போம். “இருக்காங்க” என்றால் போதும், ஒன்று என்று போட்டுவிடுவோம். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார், தப்பாக இருந்தால் திருத்த மாட்டாரா என்று ஒரு சமாதானம். வேலைக்குப் புதிதாக வந்த கவிதாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

போன வருடம் எனக்கு ஐம்பத்துமூன்று முடிந்தது. மாதவிடாய் நிற்கிற வயதில் எனக்கு மட்டும் நிற்காமல் கொட்டியது. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று, அதைவிடச் சின்னதாய் இரண்டு. சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த முடிவு வந்ததும், புற்று இல்லை என்பதைத்தான் டாக்டரம்மா முதலில் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் என் கணவர் ஸ்ரீதரன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நல்ல மருத்துவமனை, கெட்டிக்கார டாக்டர். எனக்கு வந்தது எத்தனை நல்ல கையிலும் எப்போதாவது வரக்கூடியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் அது என் மேல்தான்.

காத்திருக்கும் கூடத்தில் நோயாளியாய் உட்கார்ந்தபோதுதான் சில விஷயங்கள் தெரிந்தன. எத்தனையோ தடவை அதே கூடத்தில் தாள் அட்டையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கிறேன். அந்த நாற்காலிகள் இத்தனை வழுக்கும் என்று தெரியாது. டோக்கன் நம்பர் எரியும் பலகை ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரியாது. ‘காத்திருப்பு வசதி: நன்று’ என்று எத்தனை பேருக்கு டிக் போட்டிருக்கிறேன்! ஸ்ரீதரன் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, எங்கள் நம்பர் வரும்வரை முக்கால் மணி நேரம் உட்காரவே இல்லை.

அறுவை நல்லபடி நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் தையல் பிரித்தார்கள். கிளம்பும்போது வாய்தவறி நர்ஸிடம் “போயிட்டு வரேம்மா” என்றேன். ஸ்ரீதரன் பதறிப்போய், “ஆஸ்பத்திரில வரேன்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது!” என்றார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பதினோராம் நாள் காலை எழுந்தபோது படுக்கை நனைந்திருந்தது.

சின்னக் குழந்தை மாதிரி ஆகிவிட்டதே என்று அவர் எழுவதற்குள் விரிப்பைச் சுருட்டி வாளியில் போட்டேன். அசதி, ஒரு நாள் கூத்து என்று நினைத்தேன். அன்று பத்து மணிக்குக் கூடத்தில் நிற்கும்போது தொடை வழியே இறங்கியது. முக்கவில்லை, இருமவில்லை, அடக்க முடியாமல் வரவில்லை. அது பாட்டுக்கு வந்தது. குழாயைச் சரியாக மூடாததுபோலச் சொட்டிக்கொண்டே இருந்தது. நின்றால், நடந்தால், படுத்தால், எப்போதும்.

அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும் இல்லையா? நோயாளிகளிடம் நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், “எதுவா இருந்தாலும் கூச்சப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க” என்று. எத்தனை சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்! என் வாயைத் திறக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கிறது. ஸ்ரீதரன் தினமும் வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்வார். நான் குளித்து, தீட்டுப் படாமல் மடியாய்த் தளிகை பண்ணி அமுது செய்விக்கக் கொடுப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் வழக்கம். இப்போது உடம்பில் எந்நேரமும் சிறுநீர் வழிகிறது. மடி எங்கே, தளிகை எங்கே? நனைந்த புடவையோடு அடுப்பங்கரைப் படி ஏறவே கால் கூசியது. “முதுகு வலிக்கறது, நிக்க முடியலை” என்று பொய் சொன்னேன். அவர் தானே தளிகை பண்ண ஆரம்பித்தார். சாற்றமுது, அதுதான் ரசம், ஒரு நாள் உப்பு, மறுநாள் உப்பே இல்லை. பெருமாள் அந்த மாதம் முழுக்கப் பத்தியச் சாப்பாடுதான் அமுது செய்தார்.

கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன். சோபாவில் உட்காருவதை நிறுத்தினேன். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும்தான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், அதனால் எரிச்சல்தான் அதிகமாயிற்று. பழைய வேஷ்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். தொடை இரண்டும் புண். ஊதுவத்தியை மூன்று மூன்றாக ஏற்றினேன். தங்கை பார்க்க வருகிறேன் என்று போன் செய்தபோது, “இப்ப வேண்டாம்டி, வெயில்” என்று தடுத்துவிட்டேன். ஆறாம் வாரச் சோதனைக்கு டாக்டர் வரச் சொன்ன நாளும் வந்தது. ஆட்டோவில் உட்கார்ந்தால் ஆட்டோ நனைந்துவிடுமே என்ற பயத்தில், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த வாரம்தான் கவிதாவின் போன் வந்தது. என் நம்பருக்கு இல்லை. சேர்க்கும்போது எழுதிக்கொடுத்த நம்பருக்கு, அதாவது ஸ்ரீதரன் நம்பருக்கு.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“சார், நான் கவிதா. நம்ம மேடம் பேரே லிஸ்ட்ல வந்துருச்சு சார். மேடம் பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்காளே. உள்ள ஏதோ வேலையா இருக்கா. கூப்பிடவா?”

“ஐயோ, வேண்டாம் சார், தொந்தரவு பண்ண வேண்டாம். நீங்களே சொல்லிடுங்க. நடக்கறதுல சிரமம் இருக்கா?”

“அதெல்லாம் இல்லை. நன்னா நடக்கறா.”

“குளிக்கறது, துணி மாத்திக்கறது?”

“ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கறாம்மா! வெயில் பாரு.”

“வலி?”

“முதுகுதான் லேசா.”

“மனசு எப்படி சார் இருக்காங்க?”

“அவளுக்கென்ன? என்னைத் திட்டற அளவுக்குத் தெம்பு வந்துடுத்து.”

கவிதா சிரித்தாள். “கடைசிக் கேள்வி சார். இன்னைக்கு மேடம் உடம்புக்கு நூத்துக்கு எத்தனை கொடுக்கலாம்?”

“எண்பது போடும்மா. பெருமாள் கிருபை.”

நான் ஈரக் கையோடு எழுந்து, “கவிதா, ஒரு நிமிஷம்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கூடத்துக்குப் போவதற்குள், “நன்றி சார், மேடத்தை ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க” என்று அவள் வைத்துவிட்டாள். கவிதாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் மேல் உள்ள பிரியத்தில்தான் என்னைக் கூப்பிடவில்லை. ஸ்ரீதரனும் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

பின்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் குரல் ஞாபகத்துக்கு வந்தது. “யம்மா, ஒரு நிமிசம்...” என்று எப்போதோ ஒரு போனில், மகனின் குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். முசிறிப் பக்கம். அவளுக்கும் கர்ப்பப்பை எடுத்த கேஸ்தான். அன்றைக்கு இன்னும் எட்டோ ஒன்பதோ அழைப்பு பாக்கி இருந்தது. பிறகு கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு “நன்றி தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கூப்பிடவில்லை.

கூடத்துக்குப் போய் ஸ்ரீதரன் எதிரில் நின்று, “எனக்கு ஒண்ணும் எண்பது இல்லை. எனக்கு மூத்திரம் நிக்காம போயிண்டிருக்கு, ஒரு மாசமா” என்றேன். அழுதுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நான் நின்ற இடத்துத் தரையைப் பார்த்தார். “எங்கிட்ட சொல்லியிருக்கலாமோல்லியோ, வைதேகி?” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு பழைய துண்டை எடுத்துவந்து தரையைத் துடைத்தார். தன் வேஷ்டியைத் தவிர வேறெதையும் துவைத்தறியாத மனிதர், அன்று வாளியிலிருந்த என் துணி அத்தனையையும் அலசிக் கொடியில் போட்டார்.

மறுநாள் போனோம். டாக்டரம்மா, “எப்ப இருந்து?” என்று கேட்டார். சொன்னேன். “ஆஸ்பத்திரியை அளந்து பாக்கற வேலையில இருக்கீங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமாம்மா?” என்றார். 

அவர் செய்த சோதனையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் வழியே நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஏற்றினார்கள், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தின் நிறம். பிறப்புறுப்பின் பாதையில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பஞ்சுச் சுருள்களை வைத்தார்கள். கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னார்கள். பிறகு சுருள்களை எடுத்தபோது உள்ளே இருந்தது நீலமாய் நனைந்திருந்தது. சிறுநீர்ப்பைக்கும் அந்தப் பாதைக்கும் நடுவில் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அறுவையின்போது ஏற்பட்ட காயம் ஆறாமல், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் திறந்துகொள்ளுமாம். உடனே வந்தால் சில பேருக்கு வெறும் குழாய் வைத்தே மூடிவிடும். நான் ஐந்து வாரத்தைத் தொலைத்திருந்தேன். வீக்கமெல்லாம் வடியட்டும், மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் தைத்து மூடிவிடலாம் என்றார்.

அந்தக் காத்திருப்பு நாட்களில், அந்த முசிறிப் பெண்ணை நினைக்காத நாள் இல்லை. பேர் மறந்துபோயிருந்தது. என் மேலதிகாரிக்கு போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பழைய தாள்களைத் தேடிப் பார்க்க, தவறு இருந்தால் மறுபடி பேட்டி எடுக்க அனுமதி கேட்டேன். 

“எத்தனை தாள்ல இந்த மாதிரி போட்டிருப்பீங்க மேடம்?”

“தெரியலை சார்.”

“அந்தத் தாள்களை வச்சு ரிப்போர்ட் கொடுத்து மூணு வருஷம் ஆச்சு. அறுவைக்கு அப்புறம் பெண்கள்கிட்டப் பெரிய குறை எதுவும் இல்லைன்னு எழுதினோம். ஆறாவது வாரத்துக்கு அப்புறம் கூப்பிட்டு விசாரிக்கத் தேவையில்லைன்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணாங்க.”

எனக்குத் தெரியும். அந்த ரிப்போர்ட்டின் ஒரு பிரதி என் அலமாரியில் இருந்தது. முன்பக்கத்தில் எங்கள் பெயரெல்லாம் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள்.

அனுமதி கிடைத்ததும் தாளைத் தேடி எடுத்துக் கவிதாதான் போனில் படித்தாள். பவுனம்மா, வயது நாற்பத்தேழு, முசிறி. (அது அவர் நிஜப்பெயர் இல்லை. “எழுதுங்க, பேரை மட்டும் மாத்திப் போடுங்க” என்று அவரே சொன்னார்.) பதில் சொன்னவர் கட்டத்தில் ஒன்று. எல்லாக் கேள்விக்கும் சிரமம் இல்லை. “மூலையில பென்சில்ல என்னமோ எழுதி அழிச்சிருக்கு அக்கா. ‘திரும்ப கூப்பிட’ன்னு தெரியுது” என்றாள் கவிதா. நூற்றுக்கு எத்தனை என்றும் படித்தாள்.

அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். மகன் செந்தில் எடுத்தான். “அம்மாவா? நல்லா இருக்காங்க மேடம். ஒண்ணும் குறையில்லீங்க” என்றான். அம்மாவிடம் கொடு என்றேன். தோட்டத்தில் இருக்கிறார் என்றான். மூன்று நாள் கூப்பிட்டேன், மூன்று நாளும் தோட்டத்தில்தான் இருந்தார். நேரில் போக வேண்டும். ஆனால் எப்படிப் போவேன்? ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டுமே! பவுனம்மா எப்படி இருந்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. கவிதாவை அனுப்பியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. நானே போய்த்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்கும் அவர்தான் இன்னும் சில மாதம் விலை கொடுத்தார்.

எனக்கு இரண்டாவது அறுவை நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். அப்புறம் மூன்று வாரம் சிறுநீர்க் குழாயும் பையும். பையை மறைக்க ஸ்ரீதரன் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பையை உறைபோலத் தைத்துக் கொடுத்தார், கோணலும் மாணலுமாய். மறுபடி நீலத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தார்கள். பஞ்சு வெள்ளையாய் வந்தது. குழாயை எடுத்த அன்று கால் மணிக்கு ஒரு தரம் புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அதைவிடச் சுகம் இந்த உலகத்தில் வேறு இல்லை, சத்தியமாக.

உடம்பு தேறியதும் சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ் ஏறினேன். காவிரிக் கரையோரமாகவே போகும் வழி. ஜன்னலோரம் உட்கார்ந்தும் எதையும் பார்க்கவில்லை, என்ன பேசுவது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

ஓட்டு வீடு, பின்னால் வாழை. செந்தில் முப்பது வயது இருப்பான், மரியாதையான பையன், நாற்காலி போட்டான். “அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் மந்தமாயிட்டாங்க, வெளிய தெருவ போறதில்ல” என்றான். “தம்பி, எனக்கு ஒரு சோடா வாங்கித் தர முடியுமா?” என்றேன். கடை தூரம் என்றான். தூரமானாலும் சரி என்றேன்.

பவுனம்மா வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன். “இருக்கட்டும்மா” என்று நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். கேள்வி எதுவும் நான் கேட்கவில்லை. “பவுனம்மா, எனக்கும் கர்ப்பப்பையை எடுத்தாங்க. எடுத்த பதினோராம் நாள்லேர்ந்து நனைய ஆரம்பிச்சுது. நிக்கவே இல்லை. யார்கிட்டயும் சொல்லலை” என்றேன்.

அவர் முகம் மாறியது. மெதுவாகப் படிக்கு வந்து ஒரு சாக்கை மடித்துப் போட்டார். புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, சாக்கு மேல் உட்கார்ந்தார்.

“உங்களுக்குமா? பெரிய வீட்டு அம்மா மாதிரி இருக்கீங்க, உங்களுக்கும் இப்படியா?” என்றார். “பையை எடுத்தா இப்படித்தான் ஒழுகும், வயசான கோளாறுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. சரி, நம்ம விதின்னு இருந்துட்டேன். சந்தையில வாழை இலைக்கட்டு யாவாரம் பாத்தேங்க, பதினாலு வருசம். விட்டுட்டேன். மேல வாடை அடிக்குதுன்னு ஒருத்தி மொகத்தைச் சுளிச்சா. அன்னையோட விட்டுட்டேன்.”

“மகன்கிட்டச் சொல்லலையா?”

“ஆம்பளப் புள்ளகிட்ட இதை எப்படிம்மா சொல்றது?”

மகள் தேவி திருப்பூரில் இருக்கிறாளாம். தலைப்பிரசவத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டாள். அத்தனை தூரம் பஸ்ஸில் எப்படிப் போவது? முடியாது என்றுவிட்டார். காரணம் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு மகனிடம் இருக்கிற பாசம் என்னிடம் இல்லை என்று தேவி அன்றிலிருந்து பேசுவதில்லை. குழந்தைக்கு இரண்டு வயதாகிறது. பவுனம்மா போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

“நீங்கதானே அன்னைக்குப் போன் பண்ணீங்க?” என்றார் திடீரென்று. “உள்ள வரும்போதே குரல்ல கண்டுபிடிச்சேன். புள்ள போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தான். ஆஸ்பத்திரி அம்மா பேசுறாங்க, பொம்பளக் குரல், இவங்ககிட்டச் சொல்லிறலாம்னு அடுப்பை விட்டுட்டு ஓடியாந்தேங்க. ‘யம்மா, ஒரு நிமிசம்’னு கூப்பிட்டேன். நீங்க வச்சிட்டீங்க.”

“ஆமாம், கேட்டுது” என்றேன். “கேட்டுட்டுத்தான் வச்சேன். தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்க.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “உங்களுக்கு எத்தனை சோலியோ” என்றார். அதற்குப் பதில் திட்டியிருந்தால் தேவலை.

செந்தில் சோடாவோடு வந்தபோது அவனிடம் நானே சொன்னேன், பவுனம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவன் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். “நான்தானே மேடம் போன்ல நல்லா இருக்காங்கன்னு சொன்னேன்” என்றான். “எழுதினது நான்” என்றேன்.

அடுத்த வாரம் கார் வைத்து அழைத்துவந்தான். அதே டாக்டரம்மா. மூடக்கூடியதுதான், இத்தனை வருடம் எதற்கு விட்டீர்கள் என்று கேட்டார்.  அறுவை முடிந்து, மூன்று வாரம் கழித்துக் குழாயை எடுத்த அன்று நானும் வார்டில் இருந்தேன். என் பையில் புதுத் தாள் இருந்தது. மறுபேட்டி என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. செந்தில் வெளியே பெஞ்சில் இருந்தான், கூப்பிடவில்லை.

சாயங்காலம் ஆகிவிட்டது. பவுனம்மா கட்டிலில், வெள்ளை விரிப்பின் மேல், சாக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப்போலவே அவரும் நிமிடத்துக்கொரு தரம் கையைப் பின்னால் வைத்து விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். நான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். அவசரப்படாமல் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு வந்தேன். நூற்றுக்கு எத்தனை.

“இதை அன்னைக்கும் கேட்டீங்களா?”

“உங்க மகன்கிட்டக் கேட்டேன். நல்லா இருக்காங்கன்னு சொன்னார். நானே ஒரு நம்பர் போட்டுண்டேன்.”

“எத்தனைம்மா போட்டீங்க?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண்பத்தஞ்சு.”

பவுனம்மாவின் கை மறுபடி விரிப்பைத் தடவிப் பார்த்தது. பிறகு கோபமே இல்லாத குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

“அப்படிக் கெடந்ததுக்கே எண்பத்தஞ்சுன்னா, இன்னைக்கு என்னம்மா போடுவீங்க? உங்க தாள்ல நூறுக்கு மேல எடம் இருக்கா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.